திரைக்குப் பின்னால் உறுமுவது யார்?

(நூலக வாசகர் வட்டம் ஒன்றின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விடிய விடியத் தெருக்கூத்து பார்த்தவர்கள் இந்த அவையில் இருப்பீர்கள். இரணியனோ துரியோதனனோ வருகிற நேரத்தை நினைத்துப் பாருங்கள். இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அந்தத் திரைக்குப் பின்னால் சலங்கை அதிரும், உறுமல் கேட்கும், கிரீடத்தின் நுனி மட்டும் மேலே ஆடும். மடியில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளை விழித்து, தாயின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். அப்போது கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் திரைக்குப் பக்கத்தில் போவான். நீர் யார், எந்த ஊர், எதற்காக வந்தீர் என்று ஊருக்கே கேட்கும்படி விசாரிப்பான். நடுவில் உள்ளூர்ச் சங்கதி ஒன்றையும் செருகுவான். கூட்டம் சிரிக்கும். பயந்த பிள்ளை மெல்ல முகத்தை வெளியே எடுத்துத் திரையைப் பார்க்கத் தொடங்கும்.

நான் இன்று சொல்ல வந்தது முழுவதும் அந்த ஒரு கணத்துக்குள் இருக்கிறது. அரக்கனும் கோமாளியும் ஒரே மேடையில் நிற்பது ஏன்? அச்சத்தைக் காட்டும் கலையும் எள்ளி நகையாடும் கலையும் உலகம் முழுக்கக் கைகோத்து வருவது ஏன்?

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லி, ஒவ்வொன்றும் பிறக்கும் இடத்தை நான்கு நான்காக வகுக்கிறார். அச்சம் பிறக்கும் இடங்கள் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. அணங்கு கண்ணுக்குத் தெரியாத ஆற்றல். விலங்கு காட்டில் இருப்பது. கள்வர் இருட்டில் வருபவர். நான்காவதாக அவர் வைத்திருப்பதைக் கவனியுங்கள்: இறை, அதாவது நம்மை ஆள்பவர், நமக்கு மேலே அமர்ந்திருப்பவர். பேய்க்கும் புலிக்கும் திருடனுக்கும் பக்கத்தில் ஆள்பவரையும் ஒரே வரிசையில் நிறுத்திய துணிவு எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. நகை பிறக்கும் நான்கு இடங்களில் அவர் முதலில் சொல்வது எள்ளல்.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு கடந்த நூறாண்டின் அரக்கக் கதைகளைப் பார்த்தபோது எனக்கு ஒன்று புலப்பட்டது. அவற்றில் தலைசிறந்தவை விலங்கில் தொடங்கி இறையில் போய் முடிகின்றன. முதலில் நாம் பயப்படுவது விலங்குக்கு. முடியும்போது, அந்த விலங்கை வளர்த்தது யார், கதவைத் திறந்துவிட்டது யார் என்று தெரிந்து, அவர்களை எண்ணிப் பயப்படுகிறோம். விலங்கிலிருந்து இறைக்குப் போகும் அந்தப் பாதையைத் திறந்துவிடுவது எள்ளல். இதை மூன்று நாடுகளின் கதைகளைக் கொண்டு விளக்க விரும்புகிறேன்.

முதலில் செக்கோஸ்லோவாக்கியா. 1936இல் கரேல் சாப்பெக் என்ற எழுத்தாளரின் நாவல் ஒன்று அங்கே வெளிவந்தது. ரோபோ என்ற சொல்லை 1921இல் மேடையேறிய தம் நாடகத்தின் வழியே உலகுக்குத் தந்தவர் அவர். அந்தச் சொல்லை அவருக்கு எடுத்துக் கொடுத்தவர் அவருடைய அண்ணன் யோசெப். நாவலின் பெயரைத் தமிழில் 'சலமாண்டர்களுடன் போர்' என்று சொல்லலாம். சலமாண்டர் என்பது தவளைக்கு உறவான, வாலுள்ள உயிர். நீரிலும் நிலத்திலும் வாழ்வது.

கதை சுமத்ராவை ஒட்டிய ஒரு தீவில் தொடங்குகிறது. சிறு பிள்ளை அளவு உயரமும் அறிவும் உள்ள சலமாண்டர்களைக் கப்பல் தலைவர் ஒருவர் அங்கே காண்கிறார். அவற்றைச் சுறாக்கள் தின்கின்றன. அவர் இரக்கப்பட்டுக் கத்திகள் கொடுக்கிறார். அவை அவருக்கு முத்து எடுத்துத் தருகின்றன. முதலீடு தேடி அவர் ஒரு பெரிய தொழிலதிபரின் வீட்டுக் கதவைத் தட்டுகிறார். வாயில் காப்பவர் பொவொண்ட்ரா, இவரை உள்ளே விடலாமா கூடாதா என்று சற்றுத் தயங்கிவிட்டு, விடுகிறார். அந்த ஒரு கணத்தில் உலகத்தின் தலையெழுத்து மாறிவிடுகிறது.

கப்பல் தலைவர் இறந்தபின் கம்பெனிக்கு முத்து போதவில்லை. சலமாண்டர்களையே விற்கத் தொடங்குகிறது. தரம் பிரித்து விலை போடுகிறது. துறைமுகம் கட்டவும் கரை நிரப்பவும் அவை அடிமைகளாகின்றன. பிறகு ஒவ்வொரு நாடும் தன் கடற்கரையைக் காக்கத் தன் சலமாண்டர்களுக்கு ஆயுதம் கொடுக்கிறது. நாவலின் நடுப்பகுதியைச் செய்தித்தாள் துணுக்குகளாகவும் ஆய்வறிக்கைகளாகவும் கூட்டக் குறிப்புகளாகவும் எழுதியிருக்கிறார் சாப்பெக். படிக்கப் படிக்கச் சிரிப்பு வருகிறது. அந்தச் சிரிப்பு நெஞ்சில் முள்ளாகத் தங்குகிறது. ஏனென்றால் அந்தப் பக்கங்களில் கொடியவன் என்று ஒருவன் இல்லை. வணிகர் வணிகம் பார்க்கிறார், அறிஞர் ஆராய்கிறார், அரசு தன் எல்லையைக் காக்கிறது. எல்லோரும் அவரவர் வேலையை ஒழுங்காகச் செய்கிறார்கள். செய்து முடித்தபோது கடலுக்கடியில் ஒரு பெரும்படை நிற்கிறது.

அவற்றுக்கு வாழ ஆழமில்லாக் கடல் வேண்டும். அதனால் நிலத்தை வெடிவைத்து உடைக்கின்றன. நிலம் இடியும்போதும் அந்த வெடிமருந்தை அவற்றுக்கு விற்பவர்கள் மனிதர்கள்தான். கடைசியில் கடலே இல்லாத வாடுஸ் என்ற மலையூரில் மாநாடு கூடுகிறது. சலமாண்டர்களுக்காக மனித வழக்கறிஞர்கள் வாதாடுகிறார்கள். வல்லரசுகள் தங்கள் கரையைக் காப்பாற்றிக்கொள்ளச் சீனாவின் நிலத்தை மூழ்கக் கொடுக்கலாமா என்று பேசுகின்றன.

இது 1936. இரண்டே ஆண்டுகளில், 1938 செப்டம்பரில், மியூனிக் நகரில் ஒரு மாநாடு கூடியது. பிரிட்டனும் பிரான்சும் சாப்பெக்கின் தாய்நாட்டில் ஒரு பகுதியை ஹிட்லருக்குக் கொடுக்க ஒப்பின. செக்கோஸ்லோவாக்கியாவுக்கு அந்த மேசையில் நாற்காலி போடவில்லை. அதே ஆண்டு டிசம்பர் 25 அன்று சாப்பெக் காலமானார். 1939 மார்ச்சில் ஜெர்மானியப் படை பிராக் நகருக்குள் நுழைந்தது. அவர் இறந்துபோனதுகூடத் தெரியாமல் அவரைக் கைது செய்ய நாஜி ரகசியப் போலீசான கெஸ்டபோ வீட்டுக்கு வந்தது. அண்ணன் யோசெப் 1945இல் பெர்கன்-பெல்சன் வதைமுகாமில் மாண்டார். எள்ளலை அதிகாரம் எவ்வளவு கூர்மையாகப் புரிந்துகொள்கிறது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

நாவலின் முடிவில் வயது முதிர்ந்த பொவொண்ட்ரா ஆற்றங்கரையில் இருக்கிறார். கடலில்லாத அந்த நாட்டின் ஆற்றில் ஒரு சலமாண்டரின் தலை தெரிகிறது. அன்றைக்கு அந்தக் கப்பல் தலைவரை உள்ளே விட்டது தான்தானே என்று அவர் மனம் குமைகிறார். வணிகர்கள் யாரும் பழியை ஏற்கவில்லை, அரசர்கள் ஏற்கவில்லை. வாயிற்காவலர் ஒருவர் ஏற்கிறார். ஒரு முறை படித்தவர்கள் அந்த இடத்தை மறக்கவே முடியாது.

அடுத்து ஜப்பான். 1954 மார்ச் 1 அன்று பசிபிக் கடலின் பிகினி தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டு ஒன்றைச் சோதித்தது. 6 மெகாடன் அளவில் வெடிக்கும் என்று கணித்திருந்தார்கள். அது 15 மெகாடன் அளவில் வெடித்தது. ஹிரோஷிமா குண்டைப்போல ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. அந்தக் கடல்வெளியில் சூரை மீன் பிடிக்கப் போயிருந்தது யாய்சு துறைமுகத்தின் மரப்படகு ஒன்று. அதன் பெயரின் பொருள் நற்பேற்று நாகம். படகில் 23 பேர். வானத்திலிருந்து வெள்ளைச் சாம்பல் அவர்கள் தலையிலும் தோளிலும் பனிபோல விழுந்தது. கரைக்கு வந்து சேர்வதற்குள் நோய் பற்றிக்கொண்டது. செப்டம்பர் 23 அன்று படகின் வானொலிக் கருவியை இயக்கிய குபொயாமா இறந்தார். அப்போது அவருக்கு வயது 40. சந்தையில் மீன் வாங்க மக்கள் அஞ்சினார்கள். தோக்கியோவின் சுகினாமி வட்டாரத்துக் குடும்பப் பெண்கள் அணுகுண்டுக்கு எதிராகக் கையெழுத்து வாங்கத் தொடங்கினார்கள். அந்த இயக்கம் நாடு முழுவதும் பரவி 3 கோடிக்கும் மேற்பட்ட கையெழுத்துகளைத் திரட்டியது. மறு ஆண்டு அமெரிக்கா இந்தப் பாதிப்புக்காக ஜப்பானுக்கு 20 லட்சம் டாலர் கொடுத்தது. பணம் வந்தது, சட்டப்படி பொறுப்பேற்பு வரவில்லை.

அந்த 1954ஆம் ஆண்டு நவம்பர் 3 அன்று ஜப்பானியத் திரையரங்குகளில் 'கோஜிரா' வெளியானது. நாம் காட்ஸில்லா என்று சொல்கிறோமே, அதுதான். இயக்கியவர் இஷிரோ ஹோண்டா. போர் முடிந்து சீனாவிலிருந்து ஊர் திரும்பும் வழியில் ஹிரோஷிமாவின் அழிவைக் கண்ணால் கண்டவர். படத்தின் முதல் காட்சியில் கடலில் ஒரு கண்கூசும் ஒளி தோன்றுகிறது. ஒரு கப்பல் எரிந்து மூழ்குகிறது. அரங்கில் இருந்த எவருக்கும் அது எந்தப் படகு என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. கோஜிராவின் தோலைக் கவனித்துப் பாருங்கள். அது பல்லியின் செதில் போல இருக்காது. அணுவெப்பத்தில் கருகிப் பிழைத்தவர்களின் உடம்பில் கண்ட தழும்புபோலக் கரடுமுரடாக இருக்கும். வெடிச்சோதனையால் கலைக்கப்பட்டு எழுந்த அந்த விலங்கும் குண்டால் காயப்பட்டதுதான்.

இந்தப் படத்தில் சிரிப்பு மிகக் குறைவு. புண் ஆறாதவர்கள் சிரிக்க முடியாது. ஜப்பான் அமெரிக்க ஆக்கிரமிப்பிலிருந்து விடுபட்டது 1952இல்தான். அதுவரை அணுகுண்டைப் பற்றி எழுதுவதற்குக் கடுமையான தணிக்கை இருந்தது. அழுவதற்கே அனுமதி கிடைக்காத மக்களுக்கு முதலில் தேவைப்பட்டது ஒப்பாரி. அந்த ஒப்பாரிதான் கோஜிரா. ஆனாலும் ஒரு காட்சியில் எள்ளலின் விதை விழுந்திருக்கிறது. நாடாளுமன்றக் குழுவில் விலங்கைப் பற்றிய உண்மையை மக்களுக்குச் சொல்லலாமா என்று விவாதம் நடக்கிறது. சொன்னால் அயல்நாட்டு உறவு கெடும், மக்கள் கலங்குவார்கள் என்கிறார் ஒருவர். மறைக்கக் கூடாது என்று பெண் உறுப்பினர்கள் எழுந்து கத்துகிறார்கள். கூச்சலில் கூட்டம் குலைகிறது. கடலில் ஒரு விலங்கு ஏறி வருகிறது. ஆள்பவர்களுக்கோ சொல்லலாமா வேண்டாமா என்பதே சிக்கலாக இருக்கிறது. பின்னால் அதே விலங்கு நாடாளுமன்றக் கட்டடத்தை இடித்து நொறுக்குகிறது.

1956இல் இந்தப் படத்தை அமெரிக்காவில் வெளியிட்டபோது ஓர் அமெரிக்க நிருபர் பாத்திரத்தைப் புதிதாகச் சேர்த்தார்கள். அணுகுண்டைச் சுட்டும் உரையாடல்களில் பலவற்றை வெட்டினார்கள். விலங்கு மிஞ்சியது; அது எங்கிருந்து வந்தது என்ற கேள்வி மங்கியது. கேள்வியைப் பிடுங்கிவிட்டால் அரக்கன் வெறும் பொம்மையாகிவிடுவான். அந்த மரப்படகு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பின்னாளில் தோக்கியோவின் குப்பைமேட்டுத் தீவில் அதை வீசிவிட்டார்கள். மக்கள் கூடிப் போராடி மீட்டார்கள். 1976 முதல் அதே இடத்தில் காட்சியகம் அமைத்து அதைக் காத்து வருகிறார்கள். மறக்க மாட்டோம் என்று பிடிவாதம் பிடித்த அந்த எளிய மக்களை நான் இந்த மேடையிலிருந்து கைகூப்பி வணங்குகிறேன்.

மூன்றாவது தென்கொரியா. 2006இல் போங் ஜூன்-ஹோ இயக்கிய படம் ஒன்று வந்தது. கொரிய மொழியில் அதன் பெயருக்குப் பொருள் அரக்கன் என்பதே. உலகம் அதை 'தி ஹோஸ்ட்' என்ற பெயரில் அறியும். சியோலில் இருந்த அமெரிக்கப் படைத்தளத்தின் பிணவறையில் படம் தொடங்குகிறது. புட்டிகளில் தூசு படிந்திருக்கிறது என்று சொல்லி, அமெரிக்க அதிகாரி ஒருவர் ஃபார்மால்டிஹைடு முழுவதையும் சாக்கடையில் கொட்டச் சொல்கிறார். இது ஹான் ஆற்றில் போய்ச் சேருமே என்கிறார் கொரிய உதவியாளர். ஹான் பெரிய ஆறு என்று பதில் வருகிறது. உதவியாளர் கொட்டுகிறார். இது கற்பனை என்று நினைத்துவிடாதீர்கள். 2000ஆம் ஆண்டில் அந்தத் தளத்தின் பிணவறையில் உண்மையாகவே நடந்து, கொரிய மக்களைக் கொதிக்க வைத்த நிகழ்ச்சியிலிருந்து எடுத்தது.

ஆற்றில் வளர்ந்த விலங்கு பட்டப்பகலில் கரையேறி, ஆற்றங்கரையில் தின்பண்டக் கடை நடத்தும் ஒரு குடும்பத்தின் சிறுமியைத் தூக்கிச் செல்கிறது. அவள் இறந்துவிட்டாள் என்று நினைத்து ஒரு பெரிய கூடத்தில் அஞ்சலி நடக்கிறது. தாத்தா, தந்தை, சித்தப்பா, அத்தை நால்வரும் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்து, கீழே விழுந்து, உருண்டு புரண்டு அழுகிறார்கள். முதலில் நமக்கும் தொண்டை அடைக்கிறது. அழுகை நீள நீள, அவர்கள் விழும் கோலத்தைப் பார்த்துச் சிரிப்பு வந்துவிடுகிறது. சிரித்ததற்காக மனம் கூசுகிறது. அந்த நேரத்தில் மஞ்சள் நிறப் பாதுகாப்பு உடை அணிந்த அதிகாரி மிடுக்காக உள்ளே வருகிறார். வந்த வேகத்தில் வழுக்கி விழுகிறார். அழுகிறவர்கள் விழுந்ததும் அதிகாரி விழுந்ததும் ஒரே தரையில்தான். ஆனால் முதல் விழுகை துக்கம். இரண்டாவது விழுகை அந்த அரசாங்கத்தின் உருவம். ஒரே காட்சிக்குள் நகையும் அழுகையும் அச்சமும் இப்படி முறுக்கிக்கொண்டு நிற்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அதற்குப் பின் அந்தக் குடும்பத்துக்கு விலங்கைவிட அரசு பெரிய தடையாகிறது. விலங்கு ஒரு கிருமியைப் பரப்புகிறது என்று அறிவிக்கிறார்கள். எல்லோரையும் அடைத்து வைக்கிறார்கள். மகள் உயிரோடு இருக்கிறாள், கைபேசியில் பேசினாள் என்று தந்தை கதறுகிறார். ஒருவரும் காது கொடுப்பதில்லை. கடைசியில் கிருமியே இல்லை என்று தெரிகிறது. தெரிந்த பிறகும் அறிவிப்பைத் திரும்பப் பெறுவதில்லை. ஆற்றங்கரையில் நச்சுப் புகையை அடிக்கிறார்கள். அதற்குப் படத்தில் வைத்திருக்கும் பெயர், வியட்நாமில் அமெரிக்கப் படை தெளித்த ஏஜென்ட் ஆரஞ்சு என்ற நஞ்சை உடனே நினைவுபடுத்துகிறது. விலங்கைக் கொல்வது யார்? அம்பு எய்யும் அத்தை, வேலை கிடைக்காத பட்டதாரிச் சித்தப்பா, வீடற்ற ஒரு மனிதர், மந்தமானவர் என்று ஊரே ஒதுக்கிய தந்தை. மகள் பிழைப்பதில்லை. அவள் காப்பாற்றிய அநாதைச் சிறுவன் பிழைக்கிறான். கொரியாவில் சுமார் 1.3 கோடிப் பேர் இந்தப் படத்தைத் திரையரங்கில் பார்த்தார்கள். அன்று ஐந்து கோடி மக்கள்கூட இல்லாத நாட்டில் இது எவ்வளவு பெரிய தொகை என்று எண்ணிப் பாருங்கள். ஒரு சமுதாயமே இருட்டில் கூடி அமர்ந்து, தன் அச்சத்தைப் பார்த்து ஒன்றாக அழுதது, ஒன்றாகச் சிரித்தது.

ஜப்பானும் சிரிப்பைக் கண்டடைந்தது. 2011 மார்ச் 11 அன்று நிலநடுக்கம், ஆழிப்பேரலை, ஃபுகுஷிமா அணு உலை விபத்து என்று மூன்று பேரிடிகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. ஐந்து ஆண்டு கழித்து ஹிடெயாகி அன்னோவும் ஷின்ஜி ஹிகுச்சியும் 'ஷின் காட்ஸில்லா' படத்தை எடுத்தார்கள். அதில் விலங்கு நடப்பதைவிடக் கூட்டங்கள் நடப்பது அதிகம். ஒரு கூட்டம் முடிந்தால் அறை மாறி அடுத்த கூட்டம். ஒவ்வோர் அதிகாரியின் நீண்ட பதவிப் பெயரும் திரையை அடைத்துக்கொண்டு வருகிறது. விலங்கு கரையேற வாய்ப்பே இல்லை என்று பிரதமர் தொலைக்காட்சியில் உறுதி கூறுகிறார். கூறிக்கொண்டிருக்கும்போதே அது கரையேறிவிட்டது என்று காதில் சொல்கிறார்கள். 1954இல் ஒரே ஒரு காட்சியாக இருந்த அந்தக் குழு விவாதம் இங்கே பாதிப் படமாக வளர்ந்திருக்கிறது.

ஆனால் இந்த எள்ளல் இரக்கமற்றதாக இல்லை. தாக்கும் ஆணை கொடுக்கும் நேரத்தில், வயதான ஒருவரை முதுகில் சுமந்தபடி ஓர் ஆள் குறுக்கே போவது தெரிகிறது. பிரதமர் தாக்குதலை நிறுத்திவிடுகிறார். தடுமாறுகிற அந்த மனிதருக்குள்ளும் மனச்சான்று இருக்கிறது. கடைசியில் விலங்கை உறைய வைக்க முடிகிறதே தவிர ஒழிக்க முடிவதில்லை. நகரின் நடுவில் அது நிற்கிறது. அதைப் பார்த்தபடிதான் இனி வாழ வேண்டும். ஃபுகுஷிமாவுக்குப் பிந்திய ஜப்பானின் வாழ்க்கையும் அதுதானே.

நண்பர்களே, இந்தக் கலைக்கு ஓர் ஆபத்தும் உண்டு. அரக்கன் என்ற உருவத்தை ஆள்பவர்களும் நன்றாகப் பயன்படுத்துவார்கள். பக்கத்துத் தெருவில் இருப்பவரை, வேற்று மொழி பேசுபவரை, பிழைக்க வந்தவரை அரக்கனாக்கிக் காட்டி, அவரை எள்ளிச் சிரிக்கப் பழக்குவார்கள். ஐரோப்பாவின் யூதர்களை எலிகளாகச் சித்திரித்துக் காட்டிய நாஜிகள் அதைத்தான் செய்தார்கள். அந்தச் சிரிப்பு வதைமுகாமின் வாசலில் போய் நின்றது. ஆகவே ஓர் எள்ளல் நல்லதா தீயதா என்று அறிய எனக்கு ஓர் உரைகல் இருக்கிறது: அது மேல்நோக்கிப் போகிறதா, கீழ்நோக்கிப் போகிறதா? சாப்பெக்கின் சலமாண்டர்கள் முதலில் அடிமைகள். ஹோண்டாவின் கோஜிரா முதலில் காயம்பட்ட உயிர். போங்கின் விலங்கு மனிதர் கொட்டிய நஞ்சில் வளர்ந்தது. இந்த மூவரும் விலங்கின்மேல் வெறுப்பை மூட்டுவதோடு நிற்கவில்லை. விலங்குக்குப் பின்னால் இருந்த மேசை வரைக்கும் நம்மைக் கைப்பிடித்து அழைத்துப் போனார்கள்.

மாணவச் செல்வங்களே, உங்களைப் பயமுறுத்த இனியும் பல உருவங்கள் வரும். புதிய நோய் வரும். புதிய இயந்திரம் வரும். சூடேறும் கடல் வரும். பயப்படுவது கோழைத்தனம் ஆகாது. அஞ்ச வேண்டியதற்கு அஞ்சத்தான் வேண்டும். ஆனால் பயத்தோடு முகத்தைப் புதைத்துக்கொள்ளாதீர்கள். இது எங்கிருந்து வந்தது, இதற்கு இரை போட்டவர் யார், இதனால் லாபம் பார்த்தவர் யார், இதைப் பற்றிய உண்மையைச் சொல்லலாமா என்று எந்தக் கூட்டத்தில் யோசித்துக்கொண்டிருந்தார்கள் என்று கேளுங்கள். கதவைத் திறந்துவிட்டதில் என் கையும் இருந்ததா என்று அந்த வாயிற்காவலர்போல உங்களையும் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

கட்டியங்காரன் கையில் வாள் கிடையாது. அவனிடம் இருப்பது ஒரு கேள்வியும் கொஞ்சம் சிரிப்பும்தான். ஆனாலும் திரை விலகும்போது அந்தப் பிள்ளை அழுவதில்லை. வந்து நிற்பவன் யாரென்று அதற்குள் அதற்குத் தெரிந்துவிட்டது.